கித்துல்கல முதல் அல்லைப்பிட்டி வரை

யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டுப் பண்ணைப் பாலத்தில் ஏறிவிட்டால் இரு மருங்கும் ஆழமற்ற கடல். களங்கண்ணிகள் நட்ட கம்புகளின்மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்திருக்கும். பாலம் முடிந்ததும் மண்டைதீவுச் சந்தி, அதன்பின் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. அப்பாலே எனது பிறந்த ஊரான சரவணை. ஒல்லாந்தர் லைடன் என்று பெயர் சூட்டிய இத்தீவினை நாம் வேலணைத்தீவு என்கிறோம். இந்தப் பாதையில் எத்தனையோ முறை போய்வந்திருக்கிறேன். அல்லைப்பிட்டி என்ற பெயர்ப்பலகையைக் கடக்கும்போது அண்மைக்காலமாக என் மனம் ஒருகணம் குறுகுவதற்குக் காரணம் உண்டு. அதனைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது என் தம்பியின் மகன் ஒரு கொப்பியோடு வந்து முன்னால் அமர்ந்தான். உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறான். மேடையிலும் திரையிலும் புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் கலைவாழ்வு பற்றி ஒப்படை எழுதவேண்டுமாம். பிரித்தானிய நடிகர் அலெக் கின்னஸைத் தெரிவுசெய்திருந்தான்.

"ஏன் தம்பி அவரை எடுத்தனீ?" என்று கேட்டேன்.

"அவருக்கு ஒஸ்கார் கிடைச்ச படம் இலங்கையில எடுத்ததாம் பெரியப்பா. அதுதான்."

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: "கான் விழாவில பரிசு எடுத்த படத்தில நடிச்சவர் அல்லைப்பிட்டி ஆள் எண்டு சொல்லுகினம். உண்மையோ? அப்ப ஏன் அவரைப் பற்றி இஞ்ச ஒருத்தரும் கதைக்கினமில்லை?"

முதற் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதற்கு விடைசொல்ல நான் தடுமாறினேன். அவனுக்கு அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் தெரிவுசெய்த நடிகரைப் பார்ப்போம்.

அலெக் கின்னஸ் 1914ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்தவர். தகப்பன் இன்னார் என்று அறியாத வறிய பிள்ளை. விளம்பர நிறுவனம் ஒன்றில் எழுத்துவேலை பார்த்துக்கொண்டே நாடகத்தின்மேற் பித்தாகத் திரிந்தவர். 1934இல் ஜோன் கீல்குட் தயாரித்த ஹம்லற் நாடகத்தில் ஒரு சிறு பாத்திரம் கிடைத்தது. பின்னர் ஓல்ட் விக் அரங்கு. 1938இல் அதே மேடையில் அவரே ஹம்லற். உலகப்போர் வந்ததும் கடற்படையிற் பணி. போர் முடிந்தபின் டேவிட் லீன் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1949இல் வெளியான ஒரு நகைச்சுவைப் படத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப்பேராகத் தனியொருவராக நடித்தார். எட்டுப்பேரில் ஒருத்தி பெண். தன் முகத்தை அழித்துவிட்டு மற்றொருவர் முகத்தை அணிந்துகொள்வதே அவரது கலையின் சூட்சுமம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள்.

அந்தக் கலையின் உச்சம் நிகழ்ந்த இடம் நமது நாட்டின் கித்துல்கல. களனி கங்கையின் கரையில், அடர்ந்த காட்டின் நடுவே, 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காகப் பெரும் மரப்பாலம் ஒன்றைக் கட்டினார்கள். 1956இன் பிற்பகுதியில் தொடங்கிய படப்பிடிப்பு 1957 வரை நீடித்தது. 1957 மார்ச் மாதத்தில் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது பிரதமர் பண்டாரநாயக்காவும் வந்து பார்த்தார். 1958இல் அப்படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. சிறந்த நடிகருக்கான விருது கின்னஸுக்கு.

ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படையதிகாரியாக அவர் நடித்தார். தகரக் கூண்டு ஒன்றுக்குள் நாட்கணக்காக வெயிலில் அடைபட்டுக் கிடந்து, வெளியே வந்து, கால்கள் பின்னத் தன்மானத்தோடு நடக்க முயலும் ஒரு காட்சி அதில் உண்டு. இளம்பிள்ளைவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த தன் மகனின் நடையை நினைவில் வைத்தே அக்காட்சியை அவர் நடித்தார். தன் நடிப்பில் மிகச் சிறந்தது அந்தச் சில அடிகள்தான் என்று பின்னாளிற் கருதினார். சொந்த வீட்டுத் துயரத்தை அயலான் ஒருவனின் உடலுக்குள் செலுத்தத் தெரிந்தவனே நடிகன் என்பதற்கு இதனைவிட வேறு சான்று தேவையில்லை.

இவ்வளவும் என் தம்பி மகனின் கொப்பியில் இருந்தது. இல்லாதவற்றை நான் சொன்னேன்.

ஒன்று, அந்த இரயில்பாதை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீற்றர் நீளப் பாதையை ஜப்பானிய இராணுவம் 1942, 1943ஆம் ஆண்டுகளிற் கட்டியது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் அதிலே வேலைசெய்ய, 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களோடு ஆசியத் தொழிலாளர் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோரும் அங்கே வதைபட்டனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் மாண்டனர் என்றும் ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுட் பெருந்தொகையினர். கொலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் இறந்தவர்களுக்குக் கல்லறை இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. போர்க்கைதிகளுக்கென்று வெள்ளைக் கற்கள் வரிசையாக நடப்பட்ட மயானங்கள் காஞ்சனபுரியில் உள்ளன.

படத்தில் அந்தத் தமிழர் எவரும் கதைமாந்தராக இல்லை. இத்தனைக்கும் மூலநாவலை எழுதிய பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் போருக்கு முன்னர் மலாயாவின் இறப்பர்த் தோட்டத்தில் வேலைபார்த்தவர். தமிழ்த் தொழிலாளரை அறியாதவராக அவர் இருந்திருக்க முடியாது. படம் எடுக்கப்பட்ட மண்ணோ தமிழர் வாழும் நாடு. படப்பிடிப்புத் தொடங்கிய 1956, தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு. மொழி பறிக்கப்பட்டதாகத் தமிழர் கொதித்துக்கொண்டிருந்த வேளையில், தமிழர் பெருந்தொகையாக மடிந்த ஒரு கதை, தமிழர் இல்லாமலே கித்துல்கலவில் எடுக்கப்பட்டது. இதிலே சதி ஏதும் இல்லை. நாம் அவர்கள் கண்ணிற் படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, அந்தப் படத்தின் பெயர்ப்பட்டியல். திரைக்கதைக்கான ஒஸ்கார் பியேர் பூலின் பெயருக்கே வழங்கப்பட்டது. திரைக்கதையை உண்மையில் எழுதியவர்கள் கார்ல் போர்மன், மைக்கல் வில்சன் என்னும் இருவர். பொதுவுடைமை ஐயத்தின் பேரில் ஹொலிவூட் கறுப்புப் பட்டியலில் இட்டவர்கள் அவர்கள். எனவே பெயர் போடப்படவில்லை. 1984இல்தான் அந்தத் தவறு திருத்தப்பட்டது. அப்போது இருவரும் உயிருடன் இல்லை.

மூன்றாவது, கின்னஸின் முகமூடிகள். 1962இல் 'அரேபியாவின் லோரன்ஸ்' படத்தில் அராபிய இளவரசர் பைசலாக நடித்தவர் அவர். 1984இல் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் கோட்போலே என்னும் பிராமணப் பேராசிரியராக முகத்துக்குச் சாயம் பூசி நடித்தவரும் அவரே. அக்காலத்து மேடை மரபில் இது இயல்பான செயல். அவர் நம்மை ஏளனம் செய்யும் நோக்குடையவராக நான் நினைக்கவில்லை. ஆயினும் ஓர் அராபியனையோ இந்தியனையோ காட்டவேண்டின் அதற்கு ஓர் ஆங்கிலேயரே வேண்டும் என்றிருந்த உலகம் அது. 1959இல் சேர் பட்டம் பெற்று, 1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் மூலம் சிறுவர் உலகுக்கும் அறிமுகமாகி, 2000ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஒரு நடிகன் அடையக்கூடிய யாவற்றையும் அடைந்த வாழ்வு.

இனி நம் தீவுக்கு வருவோம்.

இலண்டனில் ஓல்ட் விக் இருந்த காலத்தில் நமக்கும் மேடை இருந்தது. மாரி ஓய்ந்து வயல்வேலை குறைந்தபின், கோவில் வீதிகளிலும் தேவாலய முன்றல்களிலும் கூத்து நிகழ்ந்தது. அண்ணாவியார் மாதக்கணக்கிற் பழக்குவார். பகலில் தோட்டம் கொத்தியவனும் வலை இழுத்தவனும் இரவில் முடிதரித்து அரசனாவான். கத்தோலிக்க ஊர்களில் அருளாளர்களின் கதைகள், சைவ ஊர்களில் இதிகாச புராணக் கதைகள். வடமராட்சியோ வலிகாமமோ தீவகமோ, ஊர் மாறினாலும் விடியும்வரை விழித்திருந்து பார்க்கும் சனம் ஒன்றே. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து என்னும் மாபெருங் கலைஞர் (1924 - 1989) 'அரிச்சந்திர மயான காண்டம்' நாடகத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் ஆடினார். மகனைப் பறிகொடுத்த சந்திரமதியின் முன் சுடலை காக்கும் அரிச்சந்திரனாக அவர் நின்று பாடும்போது விம்மாதவர் இல்லை. அவருக்கு ஒஸ்காரும் இல்லை, சேர் பட்டமும் இல்லை. அவரைக் கேட்டவர்கள் மனத்தில் மட்டும் இருக்கிறார்.

அந்த மேடைகளைப் போர் விழுங்கியது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் திரும்பவேயில்லை. அடுத்துவந்த மாதங்களில் தீவகம் பெரும்பாலும் வெறுமையாயிற்று. வேலணையும் சரவணையும் புளியங்கூடலும் நாரந்தனையும் கூரையிழந்த வீடுகளும் தலையிழந்த பனைகளுமாய்க் கிடந்தன. 2006 மே 13ஆம் நாள் இரவில் அல்லைப்பிட்டியிலும் தீவகத்தின் வேறு இடங்களிலுமாகப் பொதுமக்கள் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் எறிகணைகள் விழுந்தன. காயமுற்றோரைக் காக்க முன்னின்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் ஆகஸ்ட் 20ஆம் நாள் காணாமற்போனார். பாதிரியாருக்கு என்ன நடந்தது என்று அவ்வூர் மக்கள் கேட்ட கேள்விக்கு அரசு விடை சொல்லவில்லை.

இந்த அல்லைப்பிட்டியில் 1967இற் பிறந்தவர் அன்ரனிதாசன் யேசுதாசன். தமிழ் வாசகருக்கு ஷோபாசக்தி என்ற பெயரில் அறிமுகமானவர். நடிப்புப் பள்ளி எதிலும் பயின்றவர் அல்லர். பதின்வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இணைந்து, சில ஆண்டுகளில் விலகியவர். நாட்டைவிட்டு வெளியேறித் தாய்லாந்தில் அகதியாக அலைந்து, 1993இல் பிரான்சை அடைந்தார். அங்கே பாத்திரம் கழுவினார், அங்காடியிற் பொருள் அடுக்கினார், இடதுசாரி அரசியல் அமைப்பொன்றில் இயங்கினார், எழுதத் தொடங்கினார். கின்னஸ் ஓல்ட் விக்கிற் கற்றதனை இவர் பாரிஸ் நகரத்துச் சமையற்கூடங்களிற் கற்றார் என்று அலங்காரமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பசியும் பயமும் எவருக்கும் பள்ளிக்கூடமாக அமையவேண்டாம்.

2001இல் அவரது முதல் நாவலான 'கொரில்லா' வெளியாயிற்று. இயக்கத்துக்குள் ஒரு சிறுவனாக இருந்த அனுபவத்தை உள்ளிருந்தே சொன்ன நூல் அது. அரசின் கொடுமையையும் அது விடவில்லை, இயக்கத்தின் கொடுமையையும் விடவில்லை. 2004இல் 'ம்' வந்தது. இரு நூல்களும் பின்னர் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டன.

இப்போது என் குற்றத்தைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

'கொரில்லா' வெளிவந்த காலத்தில் நான் ஒரு பத்திரிகையின் ஞாயிறு வெளியீட்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். இலக்கிய அன்பர் ஒருவர் அந்நூலுக்கு ஒரு மதிப்புரை எழுதி அனுப்பியிருந்தார். நிதானமான, நடுநிலையான எழுத்து. அதனை இரண்டு முறை வாசித்தேன். அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மேலிடத்தில் எவரும் தடுக்கவில்லை, எவரும் மிரட்டவில்லை. தடுப்பார்கள், மிரட்டுவார்கள் என்று நானே எண்ணிக்கொண்டேன். 'பிரசுரிக்க இடமின்மை' என்று ஒரு துண்டில் எழுதிச் செருகி, மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அன்பருக்குப் பதில்கூடப் போடவில்லை. ஓராண்டு கழித்து மேசை மாறியபோது அந்தத் தாள்கள் எங்கே போயின என்றும் கவனிக்கவில்லை.

பதினான்கு ஆண்டுகள் சென்றன. 2015 மே 24ஆம் நாள் இரவு கான் நகரிலிருந்து செய்தி வந்தது. கோயன் சகோதரர்கள் தலைமை வகித்த நடுவர் குழு, ஜாக் ஓடியார் இயக்கிய 'தீபன்' படத்துக்குத் 'தங்கப் பனை' விருதை வழங்கியிருந்தது. பனையோலையால் வேலி கட்டிய ஊரிலிருந்து போன ஒருவர் நாயகனாக நடித்த படத்துக்குப் பனையின் பெயரிலேயே விருது. மறுநாட் காலை தமிழ்ப் பத்திரிகைகள் பூரித்தன. நானும் பூரித்தேன். ஈழத்தமிழரின் வெற்றி என்று தலைப்பிட்ட செய்தியை என் கையாலேயே திருத்தி முதற்பக்கத்துக்கு அனுப்பினேன். பிரெஞ்சு நடுவர் மேடையில் முத்திரை விழுந்தபின் அந்தப் பெயரை அச்சிடுவதற்கு எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. கித்துல்கலப் படத்தின் திரைக்கதையாசிரியர் இருவர் பெயரையும் மறைத்தவர்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

'தீபன்' ஓடியாரின் படம். 'ஒரு தீர்க்கதரிசி' முதலான படங்களால் முன்னரே பெயர்பெற்றவர் அவர். போரில் தோற்ற ஒரு போராளி, தனக்கு உறவே இல்லாத ஒரு பெண்ணையும் ஒரு சிறுமியையும் குடும்பமெனக் காட்டி, இறந்துபோன மூவரின் கடவுச்சீட்டில் பிரான்சுக்கு வருகிறான். முதலில் வீதிகளில் விளையாட்டுப் பொருள் விற்கிறான். இருளில் சில ஒளிப்புள்ளிகள் அசைந்து வருகின்றன. கிட்ட வந்ததும் அவை அவன் தலையில் அணிந்திருக்கும் மின்னும் முயற்காதுகள் என்று தெரிகிறது. நேற்றுவரை துப்பாக்கி ஏந்திய ஒருவன் இன்று இரண்டு ஐரோவுக்கு முயற்காது விற்கிறான் என்பதனை ஒரு வசனமும் இல்லாமற் சொல்லும் காட்சி அது. பின்னர் பாரிஸ் புறநகரின் ஓர் அடுக்குமாடித் தொகுதிக்குக் காவற்காரனாகிறான். அங்கும் ஒரு போர் நடக்கிறது, போதைப்பொருட் கும்பல்களின் போர்.

சென்னை மேடை நடிகை காளீஸ்வரி சீனிவாசன் யாழினியாகவும், கிளோடின் விநாசித்தம்பி சிறுமி இளையாளாகவும் நடித்தார்கள். உரையாடலிற் பெரும்பகுதி தமிழ். இந்தக் கதையில் ஏறக்குறையப் பாதி தன் வாழ்வே என்று யேசுதாசன் அக்காலத்து நேர்காணல்களிற் கூறினார். பழைய தளபதி ஒருவர் மீண்டும் ஆயுதம் வாங்கப் பணம் திரட்டச் சொல்லும்போது தீபன் மறுக்கிறான், அடிபடுகிறான். பின்னர் ஒரு நாள் நிலக்கீழ் அறையில் தனித்திருந்து குடித்துவிட்டு, பழைய பாட்டொன்றைத் தொண்டை கிழியப் பாடுகிறான். வெறுப்பும் ஏக்கமும் ஒரே குரலில் வருகின்றன. எந்தச் சாயமும் பூசி வரவழைக்கக்கூடிய குரலன்று அது. கின்னஸ் தன் மகனின் நடையைக் கடன்வாங்கினார். இவருக்குக் கடன்வாங்கும் தேவை இருக்கவில்லை.

2016இல் பிரான்சின் சேசார் விருதுக்குச் சிறந்த நடிகர் பிரிவில் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அவரோடு போட்டியிட்டவர்களுள் ஜெரார் தெபார்தியூவும் வின்சென்ட் கசலும் இருந்தார்கள். விருதை வின்சென்ட் லிண்டன் பெற்றார். 2017இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுக்கு, ஆங்கிலமல்லாத சிறந்த படங்களின் வரிசையில் 'தீபன்' இடம்பெற்றது.

இது அவரது முதற்படம் அன்று. லீனா மணிமேகலை இயக்கி, தனுஷ்கோடி மீனவர் துயரைச் சொன்ன 'செங்கடல்' படத்தின் எழுத்திலும் நடிப்பிலும் அவருக்குப் பங்குண்டு. தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுக்க, மேன்முறையீட்டின் பின்னர் 2011இல் அனுமதி கிடைத்த படம் அது. 'தீபன்' படத்துக்குப் பின்னர், கனடாவில் வாழும் லெனின் எம். சிவம் இயக்கிய 'ரூபா' படத்தில் நடித்தார்.

எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று எழுதினால் அது பொய். இயக்கத்தை விமர்சித்தவர் இயக்கப் போராளியாக நடிப்பதா என்று கேட்டவர்கள் உண்டு. தமிழனை மீண்டும் வன்முறையாளனாகக் காட்டிவிட்டார்கள் என்றவர்கள் உண்டு. இனப்படுகொலையைப் பற்றி மேற்குலகம் ஒரு படம் எடுக்கும் என்று காத்திருந்தால் பாரிஸ் போதைக் கும்பலைப் பற்றி எடுத்திருக்கிறார்கள் என்று சலித்தவர்களும் உண்டு. படத்தின் முடிவில் அந்தக் குடும்பம் இங்கிலாந்தை அடைந்து, புல்வெளியும் வெயிலுமாக வாழ்வதாகக் காட்டியது பலருக்கு உவப்பாக இல்லை. இந்த விமர்சனங்களிற் சில எனக்கும் உடன்பாடானவை. யுத்தத்தின் இறுதியில் மக்கள் எவ்வாறு மாண்டார்கள் என்பதனை அந்தப் படத்திற் காணமுடியாது. ஆயினும் ஒரு நடிகனை விமர்சிப்பது வேறு, அவன் நம்மூரில் பிறக்கவேயில்லை என்பதுபோல் இருந்துவிடுவது வேறு. முன்னதற்கு அவனைப் பார்க்கவேண்டும், வாசிக்கவேண்டும். பின்னதற்கு ஒரு மேசை இழுப்பறை போதும்.

அவரது மேடை வாழ்வு அதன்பின்னரே உலகறியத் தொடங்கிற்று. எஸ். சக்திதரன் எழுதி, ஈமன் பிளாக் இயக்கிய 'கவுண்டிங் அன்ட் கிராக்கிங்' என்னும் நாடகம் 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறிற்று. ஒரு தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை. 1956இல் தொடங்கி 2004 வரை நீள்கிறது. பார்த்து முடிக்க மூன்றரை மணி நேரம் வேண்டும். நம்மூர்க் கூத்தின் விடியும்வரைக் கணக்குக்கு அது குறைவுதான். 1983 வன்செயலில் இறந்துவிட்டான் என்று மனைவி நம்பியிருந்த கணவன், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் உயிரோடு இருப்பதாகத் தெரியவருகிறது. திரு என்னும் அந்தக் கணவனாக நின்றவர் யேசுதாசன். அந்த ஆண்டின் அவுஸ்திரேலிய ஹெல்ப்மன் விருதுகளில் ஏழினை அந்நாடகம் வென்றது. 2022 ஆகஸ்டில் அது ஸ்கொட்லாந்தின் எடின்பரோ சர்வதேச விழாவுக்குச் சென்றது. அங்கே லைசியம் அரங்கின் மேடையில் அல்லைப்பிட்டியார் நின்றார்.

1956இல் பிரித்தானிய மேடையிலிருந்து ஒரு நடிகர் நமது நாட்டின் ஆற்றங்கரைக்கு வந்து, நாம் இல்லாத கதையில் நடித்துப் புகழ்பெற்றார். 66 ஆண்டுகள் கழித்து நமது தீவின் நடிகர் ஒருவர் பிரித்தானிய மேடைக்குப் போய், 1956இலேயே தொடங்கும் நமது கதையில் நடித்தார். வரலாறு இப்படிக் கணக்குத் தீர்ப்பது அபூர்வம். ஆனால் இது முழுத் தீர்வு அன்று. 'தீபன்' பிரெஞ்சு இயக்குநரின் படம். இந்த நாடகமோ சிட்னியிற் பிறந்தது. நம் கதையைச் சொல்லும் மேடைகள் இன்னமும் நம் மண்ணுக்கு வெளியிலேயே இருக்கின்றன. சரவணையிலோ அல்லைப்பிட்டியிலோ 'தீபன்' படத்தை ஒரு திரையிலே போட்டு, ஊர்ச் சனம் கூடியிருந்து பார்த்து, பிடித்தால் கைதட்டி, பிடிக்காவிட்டால் ஏசுகின்ற ஒரு மாலைப்பொழுதை நான் விரும்புகிறேன். ஏச்சுக்கும் இடம் வேண்டும். எங்கள் கூத்துக் களரியில் அண்ணாவியாரை ஏசாத சனம் எது?

தம்பி மகனுக்கு இவற்றுள் பாதியைத்தான் அன்று சொன்னேன். மதிப்புரைக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டான்:

"அப்ப நான் ஆரைப் பற்றி எழுதட்டும் பெரியப்பா? கின்னஸைப் பற்றியோ, இவரைப் பற்றியோ?"

"இரண்டு பேரைப் பற்றியும் எழுது தம்பி. ஆனால் இரண்டு பேரையும் முதல்ல பார்த்துப்போட்டு எழுது" என்றேன்.

அவன் எழுதிவிட்டான். போன கிழமை தொலைபேசியில் சொன்னான். ஆசிரியர் அதனை வகுப்பில் வாசிக்கச் சொன்னாராம். வாசித்து முடித்ததும், அல்லைப்பிட்டியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "எங்கட ஊர்ப் பேரை வகுப்பில ஒரு நடிகருக்காகச் சொன்னது இதுதான் முதல்தரம். மற்றதெல்லாம் செத்த ஆக்களுக்காகத்தான்" என்றாளாம்.

அந்த மதிப்புரையை எழுதிய அன்பர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இதனைப் படிக்க நேர்ந்தால் அவர் என்னை மன்னிக்கவேண்டும். அன்று இடம் இருந்தது ஐயா. துணிவுதான் இருக்கவில்லை.